மூன்று யூனிட், ஒரே இயக்குநர், வடியப்போகும் ஏரி: வாசகர் கேள்வி – பதில்

பாதியில் நின்ற படங்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே படத்தைச் சுற்றியே இருந்தன: 1964இல் பிரான்சில் மூன்று வாரம் மட்டும் படமாகி நின்றுபோன ‘லான்ஃபேர்’, அதாவது ‘நரகம்’. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. படப்பிடிப்பு நிர்வாகமும் லேப் வேலையும் தெரிந்தவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: கதை என்ன, யார் எடுத்தது, ஏன் நின்றது? முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

ஏரிக்கரையில் சின்ன ஹோட்டல் நடத்தும் மார்செலுக்கு இளம் மனைவி ஒதெத் மீது சந்தேகம். அவள் யாரைப் பார்த்துச் சிரித்தாலும் அவன் மனம் ஒரு காட்சியைக் கட்டிக்கொள்கிறது. எது நடந்தது, எது அவன் கற்பனை என்பது போகப்போக அவனுக்கே தெரியாமல் போகிறது. இயக்கியவர் ஆன்றி ஜார்ஜ் க்ளூசோ. 1950களில் த்ரில்லர் படங்களால் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவர். மார்செலாக 42 வயது செர்ஜ் ரெஜியானி, ஒதெத்தாக 25 வயது ரோமி ஷ்னைடர்.

1964 ஜூலை 6 அன்று வெளிப்புறப் படப்பிடிப்பு தொடங்கியது. அட்டவணை சில நாளிலேயே பின்தங்கியது. நாயகன் ரெஜியானி உடல்நிலை கெட்டு வெளியேறினார். பதிலுக்கு அழைக்கப்பட்ட ழான் லூயி த்ரந்தினியான் வந்தார், ஒரு ஷாட்கூட எடுக்காமல் திரும்பினார். பிறகு ஷ்னைடரும் டானி கரேலும் நடித்த ஒரு படகுக் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தபோது க்ளூசோவுக்கே மாரடைப்பு. படம் அத்தோடு நின்றது; எடுத்த காட்சிகள் 2009இல் ஓர் ஆவணப்படத்தில் வெளிவந்தன. பணம் தீர்ந்து நின்ற படம் என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. பணத்துக்கு இங்கே குறையே இல்லை.

கேள்வி: மூன்று கேமரா யூனிட் இருந்தும் வேலை நகரவில்லை என்று படித்தேன். ஆள் கூடினால் வேலை வேகமாக நடக்க வேண்டாமா?
– உதவி இயக்குநர், வடபழனி

மூன்று யூனிட் எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். படப்பிடிப்பு நடந்தது கராபி என்ற இடத்தில். த்ருயேர் ஆற்றின் மேல் 1884இல் ஈஃபலின் நிறுவனம் கட்டிய பெரிய இரும்பு ரயில் பாலம் அங்கே இருக்கிறது. பாலத்துக்குக் கீழே உள்ள ஏரி இயற்கையானது அல்ல. அணை கட்டியதால் தேங்கிய நீர். பிரான்சின் மின்வாரியம் அந்த நீரைச் சில வாரங்களில் வடிக்கவிருந்தது. நீர்மட்டம் இறங்கினால் கரையோரம் புல்லில்லாத சேற்றுப் பட்டை ஒன்று தெரியும். முதல் வாரம் எடுத்த ஷாட்டுக்கும் நான்காம் வாரம் எடுத்த ஷாட்டுக்கும் கன்டினியூட்டி, அதாவது காட்சித் தொடர்ச்சி, ஒட்டாது. ஆகவே ஏரிக் காட்சிகளை எப்படியாவது சில வாரத்துக்குள் முடித்தாக வேண்டும். அதன்பின் ஸ்டுடியோவில் மாதக்கணக்கான வேலை மிச்சம்.

அதற்கு க்ளூசோ போட்ட கணக்கு: மூன்று முழு யூனிட்; ஒவ்வொன்றுக்கும் தனி ஒளிப்பதிவாளர். ஆந்த்ரேயாஸ் விண்டிங், அர்மான் திரார், க்ளோத் ரெனுவார் என்று மூவருமே பெரிய கைகள். (ரெனுவார் 1950 வாக்கில் வங்காளத்துக்கு வந்து தன் சித்தப்பா ழான் ரெனுவாரின் ‘தி ரிவர்’ படத்தை ஒளிப்பதிவு செய்தவர். அந்தப் படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கப் போன சுப்ரதா மித்ராதான் பிற்பாடு சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் ஆனார்.) ஒரு யூனிட் ஷாட் எடுக்கும்போது அடுத்த யூனிட் வேறோர் இடத்தில் லைட்டிங் முடித்துக் காத்திருக்கும். இயக்குநர் ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போவார். அதை முடிப்பதற்குள் மூன்றாவது தயார்.

காகிதத்தில் அழகான திட்டம். நடைமுறையில் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எந்த ஷாட்டும் இழுக்கக் கூடாது. க்ளூசோவோ ஒரே ஷாட்டைத் திருப்பித் திருப்பி எடுத்தார். ஏற்கெனவே எடுத்து முடித்ததையும் மறுபடி எடுத்தார். முதல் யூனிட் மதியம் வரை ஒரே இடத்தில் நின்றால் மற்ற இரண்டும் என்ன செய்யும்? காலை 9 மணிக்குக் கிழக்கு வெயிலை நம்பி ரிஃப்ளெக்டர் வைத்து, நிழல் பார்த்துத் தயாரான செட்டப், பிற்பகல் 2 மணிக்கு உதவாது. வெயில் தலைக்கு மேலே ஏறி மேற்கே சாய்ந்திருக்கும். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி வைக்க வேண்டும். ஆக, செலவு மூன்று யூனிட்டுக்கு, அவுட்புட் ஒரு யூனிட்டுக்கு.

செகண்ட் யூனிட் என்ற முறையே இதிலிருந்து தப்பிக்கத்தான் வந்தது. இயக்குநர் இல்லாமலேயே அது வேலை செய்ய வேண்டும். ஏரியின் பொதுவான காட்சி, பாலத்தில் ரயில் கடப்பது, படகு போவது, கையில் இருக்கும் பொருளின் குளோசப் ஆகியவற்றுக்கு நடிகர் முகமோ இயக்குநர் கண்ணோ தேவையில்லை. தேவைப்படுவது ஐந்து விஷயம்: ஸ்டோரிபோர்டு ஃப்ரேம், லென்ஸ் எண், வெயில் எந்தப் பக்கம், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு நகர்வு, உடையின் கன்டினியூட்டி போட்டோ. இவற்றை முந்தின இரவே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த யூனிட் விடியற்காலையில் கிளம்பிப் போய்விடும். க்ளூசோவிடம் ஸ்டோரிபோர்டு பிரமாதமாக இருந்தது. படம் முழுவதையும் வரைந்தே வைத்திருந்தார். ஆனால் எதையும் அடுத்தவர் கையில் விடும் பழக்கம் அவருக்கு இல்லை. தூக்கமின்மை வேறு, நள்ளிரவில் தோன்றிய யோசனையைச் சொல்ல அந்நேரத்திலேயே ஆட்களை எழுப்புவார். பகல் முழுவதும் காத்துக் கிடந்த யூனிட்டை இரவிலும் எழுப்பினால் அடுத்த நாள் எப்படி ஓடும்?

நீங்கள் உதவி இயக்குநர் என்பதால் ஒன்று சொல்லலாம். இப்படிப்பட்ட இயக்குநருக்கு இரண்டு யூனிட் போதும். மூன்றாவது யூனிட்டின் பணத்தில் இரண்டு நாள் கூடுதல் கால்ஷீட் வாங்கியிருந்தால் அது உருப்படியாகப் பயன்பட்டிருக்கும்.

கேள்வி: அமெரிக்க நிறுவனம் அளவில்லாத பட்ஜெட் கொடுத்ததாமே! அப்படியும் படம் நிற்குமா?
– திருச்சி வாசகர்

கொடுத்தது கொலம்பியா பிக்சர்ஸ். படப்பிடிப்புக்கு முன்பு பாரிஸ் ஸ்டுடியோவில் க்ளூசோ எடுத்த சோதனைக் காட்சிகளைப் பார்த்துவிட்டு மயங்கிக் கொடுத்தார்கள். அந்தச் சோதனைகளை இன்று பார்த்தாலும் ஏன் மயங்கினார்கள் என்பது புரியும்.

வழக்கமான படத்தில் பட்ஜெட்டோடு 10 சதவீதம் கையிருப்பு ஒதுக்குவார்கள். அதற்கு மேல் போனால் யாராவது ஒருவர் இயக்குநரிடம் வந்து, ‘இந்தச் சீன் வேண்டுமா, அந்தச் சீன் வேண்டுமா, ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்டே ஆக வேண்டும். எரிச்சலூட்டும் கேள்விதான். ஆனால் படத்தை முடிக்க வைப்பது அந்தக் கேள்வி. லான்ஃபேரில் அதைக் கேட்கும் இடத்தில் ஆளில்லை. பணத்துக்கு உச்சவரம்பு இல்லை. நாளுக்கு மட்டும் உச்சவரம்பு இருந்தது, அதுவும் அணை நீரின் வடிவில். பணத்தைக் கொட்டி ஏரியை நிறுத்தி வைக்க முடியாது. எது உண்மையிலேயே குறைவாக இருக்கிறதோ அதைச் சுற்றித்தான் அட்டவணை போட வேண்டும். இங்கே குறைவாக இருந்தது நீர். ஷாட் பட்டியலில் ‘நீர் தெரியும் ஷாட்’, ‘நீர் தெரியாத ஷாட்’ என்று இரண்டாகப் பிரித்து, முதல் வகையை மட்டும் முதலில் முடித்திருக்க வேண்டும்.

கேள்வி: ஏரி திடீரென்று ரத்தச் சிவப்பாக மாறுகிறது, மனிதர்கள் மட்டும் இயல்பான நிறத்தில் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அதை எப்படிச் செய்தார்கள்?
– விஷுவல் கம்யூனிகேஷன் மாணவி, கோவை

அருமையான கேள்வி; கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

நிஜ வாழ்க்கை கறுப்பு வெள்ளையில், மார்செலின் சந்தேகக் கற்பனைகள் கலரில் என்பது படத்தின் அடிப்படை விதி. ஒதெத் வேறொருவனோடு நீர்ச்சறுக்கு விளையாடுவதைக் கரையிலிருந்து மார்செல் பார்க்கிறான், ஏரி சிவக்கிறது. உபாயம் இதுதான்: லேபில் நிறங்களைத் தலைகீழாக்குவது. தலைகீழாகும்போது தோலும் சேர்ந்து மாறிவிடும் அல்லவா? அதனால் நடிகர்களுக்கு முன்கூட்டியே சாம்பல் நிற மேக்கப் போட்டார்கள். மாறிய பிறகு அது தோல் நிறமாக வந்து நிற்கும்.

நிறத்தை மாற்ற அன்றைய லேப்களில் இருந்த வழி ‘செபரேஷன்’. கலர் நெகட்டிவை மூன்று முறை, சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர் வழியாக, மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்களில் பதிவு செய்வது முதல் வேலை. ஒவ்வொரு சுருளிலும் ஒரு நிறத்தின் அளவு மட்டும் இருக்கும். பிறகு மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் புதிய கலர் சுருளில் அச்சிடும்போது, நீலச் சுருளுக்குச் சிவப்பு ஒளியும் சிவப்புச் சுருளுக்கு நீல ஒளியும் கொடுத்தால் இரண்டும் இடம் மாறிவிடும். வெளிச்சமான இடம் வெளிச்சமாகவும் இருட்டு இருட்டாகவும் இருக்கும். நிறம் மட்டும் புரளும். வெறும் நெகட்டிவைக் காட்டினால் முகம் கறுத்துப் பல்லும் கறுத்துவிடும். அந்தச் சிக்கல் இதில் இல்லை.

நீங்கள் கல்லூரியில் இதைச் செய்து பார்க்கலாம். நிறத் திருத்த மென்பொருளான டாவின்சி ரிசால்வில், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே கலக்கும் ஆர்ஜிபி மிக்சரைத் திறந்து, ‘ரெட் அவுட்புட்’டில் சிவப்பை 0, நீலத்தை 1 ஆக்குங்கள். ‘ப்ளூ அவுட்புட்’டில் நீலத்தை 0, சிவப்பை 1 ஆக்குங்கள். பச்சையைத் தொட வேண்டாம். ‘பிரிசர்வ் லூமினன்ஸ்’ டிக்கை எடுத்துவிடுங்கள். நீல வானம் ஆரஞ்சாகும், நீல நீர் சிவக்கும், செம்மண் நீலமாகும். வெள்ளைச் சட்டையும் கறுப்பு முடியும் அப்படியே இருக்கும். இலைகள் பச்சையாகத்தான் இருக்கும், சற்று நீலம் தட்டும்.

மேக்கப்புக்கு ஒரு கணக்கு போதும். முகத்தின் வெளிச்சப் பகுதி, 0 முதல் 255 வரையிலான அளவில், சிவப்பு 200, பச்சை 150, நீலம் 120 என்று வருகிறது என்றால், நீங்கள் பூச வேண்டிய நிறம் சிவப்பு 120, பச்சை 150, நீலம் 200. அதாவது நீலச் சாம்பல். சிவந்த உதடு வேண்டுமானால் நீல உதட்டுச்சாயம். கேமரா வழியாகப் பார்த்துச் சரிசெய்யாதீர்கள்; மானிட்டரில் அந்த மிக்சர் அமைப்பைப் போட்டுவிட்டு அதைப் பார்த்தே பூசுங்கள்.

எங்கே சொதப்பும்? முதலில் காது, கழுத்து, விரல் இடுக்கு. அங்கே மேக்கப் விட்டுப்போனால் பேய் மாதிரி நீலத் திட்டு தெரியும். கண்ணோரச் சிவப்பு, ஈறு, நாக்கு ஆகியவற்றுக்கு எதுவும் பூச முடியாது. ஆகவே வாயைத் திறந்து சிரிக்கும் குளோசப்பைத் தவிருங்கள். நீரில் இறங்கும் காட்சி என்றால் தண்ணீரில் கரையும் பெயிண்ட் ஐந்து நிமிடம்கூட நிற்காது. எண்ணெய் அடிப்படையிலான கிரீஸ் பெயிண்ட்டைப் பூசி மேலே பவுடர் ஒற்ற வேண்டும். மேகமூட்டமான நாளில் நீர் சாம்பலாகத்தான் இருக்கும், சாம்பலைப் புரட்டினாலும் சாம்பல்தான் வரும். தெளிந்த வானம் நீரில் பிரதிபலிக்கும் நேரம் கட்டாயம் வேண்டும். அன்று இதைச் சுருளில் செய்தவர்களுக்கு இன்னும் ஒரு தலைவலி: மூன்று சுருளும் மயிரிழை விலகினாலும் உருவத்தைச் சுற்றி நிறக்கோடு தெரியும்.

இந்தக் கறுப்பு வெள்ளை – கலர் விதியால் அட்டவணை எப்படி வீங்கியது என்பதையும் கவனியுங்கள். ஒரே நிகழ்ச்சியை ஒரு முறை நிஜமாகவும் ஒரு முறை கற்பனையாகவும் காட்ட வேண்டும் என்றால் இரண்டு தடவை, இரண்டு வகை ஃபிலிமில் எடுக்க வேண்டும். அன்றைய கோடாக் கலர் நெகட்டிவின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஏஎஸ்ஏ 50. வேகமான கறுப்பு வெள்ளை நெகட்டிவ் 250. இரண்டு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). கேமராவின் ஃபிலிம் பெட்டியான மேகசினை மாற்றினால் மட்டும் போதாது. லைட்டையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஃபில்டர் போட்டு ஒளியைக் குறைக்க வேண்டும்.

கேள்வி: ரோமி ஷ்னைடரின் முகத்தில் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வரும் ஒரு காட்சி பார்த்தேன். சிரிப்பு ஒரு நொடியில் பயங்கரமாகிவிடுகிறது. அதை வீட்டில் செய்ய முடியுமா?
– குறும்பட இயக்குநர், மதுரை

முடியும். செலவும் அதிகம் ஆகாது. அவர் முகபாவம் மாறுவதே இல்லை, நிழல்தான் மாறுகிறது. கீழிருந்து வெளிச்சம் வரும்போது கண்குழியும் மூக்கும் தலைகீழ் நிழல் போட, முகம் வேறு ஆளாகிவிடுகிறது.

சைக்கிள் ரிம் ஒன்றை எடுத்து, நடுவில் லென்ஸ் நுழைய வழிவிட்டு, விளிம்பில் ஒரே ஒரு சின்ன எல்இடி விளக்கைக் கட்டுங்கள். பேட்டரியில் எரிவதாக இருக்கட்டும், வயர் சுற்றிக்கொள்ளாது. நடிகர் முகம் மூன்று அடிக்குள். வேறு விளக்கே வேண்டாம், பின்னணியில் கறுப்புத் துணி. ஒரு சுற்றுக்கு இரண்டு நொடி என்பது நல்ல ஆரம்பம். எதிரெதிரே ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் கட்டினால் முகத்தின் இரு பாதியும் மாறி மாறி நிறம் வாங்கும்.

மிக வேகமாகச் சுற்றாதீர்கள். நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கும்போது நொடிக்கு 12 சுற்று சுற்றினால் விளக்கு இரண்டே இடத்தில் மாறி மாறி நிற்பதுபோலத்தான் பதிவாகும். சுழற்சியே காணாமல் போய்விடும். வீட்டு மின்சாரத்தில் எரியும் மலிவான எல்இடியைப் பயன்படுத்தினால் 25 ஃப்ரேமும் 1/50 ஷட்டரும் வையுங்கள், இல்லையென்றால் ஃபிளிக்கர் (ஒளித் துடிப்பு) வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதுதான் காரணம்.

ஆலிவ் எண்ணெயும் ஜிகினாவும் பூசி மின்ன வைத்த சோதனைகளும் லான்ஃபேர் காட்சிகளில் உண்டு. ஜிகினா என்பது ஆயிரம் குட்டிக் கண்ணாடி. பரவலான மென்வெளிச்சத்தில் அது மின்னாது, சாம்பலாகத் தெரியும். சின்ன, கூர்மையான ஒளிமூலம் வேண்டும், அது நகரவும் வேண்டும். கைவினைக் கடையில் விற்கும் ஜிகினாவை முகத்தில் போடவே கூடாது. அழகுசாதனத்துக்கென்று விற்பதை மட்டும், கண்ணிமையிலிருந்து தள்ளி.

கேள்வி: நாயகன் பாதியில் போய்விட்டார் என்றால் அதுவரை எடுத்ததெல்லாம் குப்பைதானா?
– ஈரோடு வாசகர்

எல்லாம் அல்ல. எடிட்டர் முதலில் செய்வது, எடுத்த ஷாட்டுகளை மூன்றாகப் பிரிப்பது: முகம் தெரிவது, முதுகோ தூரத்து உருவமோ மட்டும் தெரிவது, அவர் இல்லவே இல்லாதது. இரண்டாவதும் மூன்றாவதும் பிழைக்கும். புதிய நடிகரின் உயரமும் தோள் அகலமும் பொருந்தினால் இரண்டாவது வகையை அப்படியே வைத்துக்கொள்ளலாம். எதிர் நடிகர் மேல் எடுத்த குளோசப்பில் பார்வை எந்த உயரத்தில் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். புதியவர் அரையடி குள்ளம் என்றால் அந்தப் பார்வை நெற்றிக்கு மேலே எங்கோ போகும்.

லான்ஃபேரில் இந்தக் கணக்கு ஏன் எடுபடவில்லை? கதையே மார்செலின் பார்வையில் நடக்கிறது. ஒதெத்தின் ஒவ்வொரு காட்சிக்கும் அவன் முகம் எதிர்வெட்டாக வந்தாக வேண்டும். அவன் பதறி ஓடும் ஷாட்டுகளுக்காகவே ரெஜியானியை மணிக்கணக்கில் கேமராவுக்குப் பின்னால் ஓடவிட்டிருக்கிறார் க்ளூசோ. ரெஜியானி உடைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. நாயகன் போனால் எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும், ஏரியோ காத்திருக்காது.

கேள்வி: இப்படி நின்றால் இன்சூரன்ஸ் என்ன தரும்?
– தயாரிப்பு நிர்வாகி, சாலிகிராமம்

பொதுவான நடைமுறை இது. பாலிசியில் இயக்குநர், முக்கிய நடிகர்கள் ஆகியோரின் பெயரைத் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. ஏற்கெனவே இருந்த நோயை மறைத்தால் கிளெய்ம் போச்சு. பெயருள்ளவருக்கு உடல்நலம் கெட்டு வேலை தள்ளிப்போனால், குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஆகும் கூடுதல் செலவைத் தருவார்கள். படமே கைவிடப்பட்டால் அதுவரை ஆன செலவைத் தருவார்கள். பதிலுக்கு நெகட்டிவ் உள்பட எடுத்த பொருள் அவர்கள் கைக்குப் போகலாம். தயாரிப்பாளர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடும் வரி பெரும்பாலும் இதுதான். ‘சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார்’ என்பதற்கு எந்தப் பாலிசியிலும் பணம் கிடையாது. அதனால் உடல்நலக் குறைவு என்றால் அன்றைக்கே மருத்துவர் சான்று வாங்கி, அன்றைய புரொடக்‌ஷன் ரிப்போர்ட்டில் நேரத்தோடு எழுதிவிடுங்கள்.

கேள்வி: எடுத்த ஃபிலிம் எவ்வளவு? ஒலி இல்லாத காட்சிகளை வைத்து ஆவணப்படம் எப்படிச் செய்தார்கள்?
– வாசகர், யாழ்ப்பாணம்

185 டப்பா, ஏறக்குறைய 13 மணி நேரம். 35 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 13 மணி நேரம் என்றால் 70,200 அடி. 185ஆல் வகுத்தால் டப்பாவுக்குச் சுமார் 380 அடிதான், நான்கு நிமிடச் சொச்சம். 1,000 அடிச் சுருள் 11 நிமிடம் ஓடும் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், இது நீளமாக ஓடவிட்டு எடுத்த வசனக் காட்சிகளின் கணக்கு அல்ல, துண்டு துண்டான ஷாட்டுகளின், சோதனைகளின் கணக்கு. திரையில் பார்க்கும்போதும் அப்படித்தான் தெரிகிறது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவை யாரும் பார்க்காமல் கிடந்தன. பழைய படங்களைத் தேடி மீட்பதையே தொழிலாகக் கொண்ட செர்ஜ் ப்ரோம்பெர்க், க்ளூசோவின் மனைவி இனெஸைப் போய்ப் பார்த்தார். இருவரும் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசியதில்தான் அனுமதி கிடைத்தது என்பது அவரே சொல்லும் கதை. ருக்ஸாந்த்ரா மெத்ரெயாவோடு சேர்ந்து அவர் எடுத்த ஆவணப்படம் 2009இல் கான் விழாவில் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டு பிரான்சின் திரைப்பட விருதான சேசர் வாங்கியது.

படக்காட்சிகளோடு வசன ஒலி இல்லை. கதை நகர வசனம் வேண்டுமே! பெரெனிஸ் பெஜோ, ழாக் காம்ப்ளான் என்ற இரு நடிகர்களை வெறும் அறையில் நிற்கவைத்து, திரைக்கதையின் முக்கியக் காட்சிகளை நடிக்கச் செய்தார்கள். 1964ஆம் ஆண்டுக் காட்சிகளின் மேல் அவர்கள் குரலை ஒட்டி டப்பிங் செய்துவிடவில்லை. சரியான முடிவு. உதட்டசைவுக்கு ஒட்டியிருந்தால், எது க்ளூசோ எடுத்தது, எது இப்போது சேர்த்தது என்பது பார்ப்பவருக்குத் தெரியாமல் போயிருக்கும். அன்று யூனிட்டில் இருந்தவர்களின் பேட்டிகள் இடைவெளிகளை நிரப்புகின்றன.

கேள்வி: ஆர்சன் வெல்ஸின் முடியாத படத்தை அவர் இறந்த பிறகு முடித்தார்களே, இதை ஏன் முடிக்கவில்லை?
– பெங்களூரு வாசகர்

வெல்ஸின் ‘தி அதர் சைட் ஆஃப் தி விண்ட்’ 1970 முதல் 1976 வரை விட்டுவிட்டுப் படமானது. அங்கே முடியாமல் நின்றது எடிட்டிங்தான்; தடுத்தது உரிமைச் சிக்கல். சுமார் 100 மணி நேர நெகட்டிவ் இருந்தது, அவரே எடிட் செய்த பகுதிகளும் இருந்தன. அதனால் 2018இல் முடிக்க முடிந்தது. லான்ஃபேரில் ஸ்டுடியோ பகுதி தொடங்கவே இல்லை. இல்லாத ஷாட்டை யாராலும் எடிட் செய்ய முடியாது.

ஆனால் திரைக்கதை பிழைத்தது. அதை வாங்கி க்ளோத் ஷப்ரோல் 1994இல் எம்மானுவேல் பெயாரையும் ஃப்ரான்சுவா க்ளூசேயையும் வைத்து எடுத்தார். சுழலும் விளக்கும் சிவப்பு ஏரியும் அதில் கிடையாது. நேரடியான, நல்ல படம். க்ளூசோவின் ஒளிச் சோதனைகள் எங்கே போயின என்று தேடுபவர்கள் அவருடைய கடைசிப் படத்தை, 1968இல் வந்த ‘லா ப்ரிசோனியேர்’ஐப் பார்க்க வேண்டும். அதன் இறுதிப் பகுதியில் அவை திரும்ப வருகின்றன.

கேள்வி: எங்கள் குறும்படம் 60 சதவீதத்தில் நின்றுவிட்டது. பின்னால் தொடர வாய்ப்பிருக்கிறது. இப்போது எதையெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும்?
– பாண்டிச்சேரி வாசகர்

ஃபுட்டேஜை எல்லோரும் பத்திரப்படுத்துவார்கள். காணாமல் போவது காகிதம்தான். ஷாட் வாரியாக கேமரா ரிப்போர்ட் (லென்ஸ், ஸ்டாப், ஒயிட் பேலன்ஸ், கேமரா உயரம்), கன்டினியூட்டி போட்டோக்கள், சவுண்ட் ரிப்போர்ட், எதை ஓகே செய்தீர்கள் என்ற பட்டியல், இன்னும் எடுக்க வேண்டிய ஷாட்டுகளின் பட்டியல். கடைசியாகச் சொன்னதை இந்த வாரமே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து, உங்கள் தலையில் இருந்தது பாதிகூட இருக்காது.

ஃபைல்களுக்கு மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில். காப்பி செய்யும்போது செக்சம் (பிரதியும் மூலமும் ஒன்றுதானா என்று காட்டும் எண்) சரிபார்க்கும் மென்பொருளில் செய்யுங்கள். வெறுமனே இழுத்துப் போட்டால் ஒரு கிளிப் கெட்டிருப்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். ஹார்டு டிஸ்கை அலமாரியில் போட்டு மறந்துவிடாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணைத்து ஓட்டிப் பாருங்கள். ஒலி ஃபைல்களைப் படத்தோடு ஒரே ஃபோல்டரில் போட்டு, இரண்டுக்கும் ஒரே ஷாட் எண் கொடுங்கள்.

உடைகளைத் துவைத்து, ஒவ்வொன்றிலும் காட்சி எண் எழுதிய துணிச்சீட்டைத் தைத்து, ஒரே பெட்டியில் வையுங்கள். நடிகர்களிடம் இப்போதே ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: எடுத்தவரை பயன்படுத்தச் சம்மதம், மிச்ச நாளுக்கு இத்தனை கால்ஷீட், டப்பிங்குக்கு வராவிட்டால் வேறு குரல் பயன்படுத்தச் சம்மதம். உறவு நன்றாக இருக்கும்போது இதில் ஐந்து நிமிடத்தில் கையெழுத்து கிடைக்கும். லொக்கேஷன் வீடாக இருந்தால் எல்லாச் சுவரையும் நான்கு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்துவிடுங்கள். வீட்டுக்காரர் பொங்கலுக்கு வெள்ளையடித்துவிடுவார்.